மின்மினியின் ஒளி நொதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் பள்ளி, கல்லூரிகளில் நொதிகளைப் பற்றிப் பேசப் போனால், பேச்சு மின்மினிக்கு வந்ததும் கைகள் உயரத் தொடங்கிவிடும். கேட்பவர்களில் பாதிப் பேர் மின்மினியை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனாலும் கேள்விகள் கூர்மையாகவே இருக்கும். அடிக்கடி வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு அறிவியல் நினைவில் இருந்தால் போதும், மீதியைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்.

மின்மினிக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

மின்மினி ஒரு வண்டு. லாம்பிரிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது, உலகம் முழுக்க 2000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அதன் வயிற்றின் கடைசிக் கண்டங்களில் லூசிபெரின் என்ற சிறிய மூலக்கூறு இருக்கிறது. அதை வினைபுரிய வைக்கும் நொதிக்குப் பெயர் லூசிபெரேஸ்.

வினை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் நொதி லூசிபெரினைப் பிடித்து, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஏஎம்பி என்ற துண்டை அதன்மேல் ஏற்றுகிறது. இதற்கு மெக்னீசியமும் வேண்டும். அப்புறம் ஆக்சிஜன் வந்து சேர்கிறது, கார்பன் டை ஆக்சைடு கழன்று போகிறது. மிஞ்சுவது ஆக்சிலூசிபெரின், அதுவும் ஆற்றல் ததும்பும் நிலையில். அது தணியும்போது அந்த ஆற்றல் ஒளியாக வெளியே வருகிறது.

இந்த இரண்டு கட்டங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பரிணாமக் கதை முழுக்க முதல் கட்டத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

அது சூடே இல்லாத வெளிச்சமாமே?

கிட்டத்தட்ட அப்படித்தான். கையில் வைத்தால் சுடாது. ஆனால் ‘நூற்றுக்கு நூறு திறன்’ என்று சில பாடக் குறிப்புகளில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். நூறு லூசிபெரின் மூலக்கூறுகள் வினைபுரிந்தால் 88 ஒளித்துகள்கள் வருகின்றன என்று 1960-இல் அளந்தார்கள். 2008-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் புதிய கருவிகளோடு மறுபடி அளந்தபோது 41 தான் வந்தது. ஒரு வேதிவினைக்கு அதுவே அபாரமான கணக்கு.

இந்த நொதியைக் கண்டுபிடித்தது யார்?

பிரெஞ்சு விஞ்ஞானி ரஃபேல் துபுவா, 1880-களில். அவர் எடுத்துக்கொண்டது மின்மினியை அல்ல, ‘கிளிக்’ வண்டு என்ற வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த ஒளிரும் வண்டை. அதன் ஒளி உறுப்பைக் குளிர்ந்த நீரில் நசுக்கினார். சாறு கொஞ்ச நேரம் ஒளிர்ந்து அணைந்தது. இன்னொன்றை வெந்நீரில் போட்டார். அது உடனே அணைந்துவிட்டது. வெந்நீர்ச் சாறு ஆறியதும், அணைந்துபோன இரண்டையும் ஒன்றாகக் கலந்தார். மறுபடி வெளிச்சம்!

வெந்நீரில் கெட்டுப்போனது நொதி, சூட்டைத் தாங்கி நின்றது சிறிய மூலக்கூறு. குளிர்நீரிலோ நேர்மாறு: சிறிய மூலக்கூறு தீர்ந்துவிட்டது, நொதி மிஞ்சியது. லூசிபெரின், லூசிபெரேஸ் என்ற பெயர்களை வைத்தவரும் துபுவாதான். கல்லூரி ஆய்வகத்தில் நொதி என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

1947-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மெக்எல்ராய், அணைந்துபோன மின்மினிச் சாற்றில் ஏடிபியைச் சேர்த்ததும் வெளிச்சம் திரும்ப வருவதைக் காட்டினார். பல்கலைக்கழகம் இருக்கும் பால்டிமோர் நகரத்துப் பிள்ளைகள் நூறு மின்மினி பிடித்துக் கொடுத்தால் 25 சென்ட் கூலி கொடுத்தார் அவர்.

2019-இல் திருவான்மியூர் பக்கம் கடல் நீலமாக ஒளிர்ந்ததே, அதுவும் இதே நொதியா?

இல்லை. அந்த ஆகஸ்ட் இரவில் ஊரே கிளம்பிக் கடற்கரைக்குப் போனது. அலையில் மின்னியது நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் கடல் உயிரி. அந்த வகை உயிரிகளின் லூசிபெரின் பச்சையத்துக்கு உறவான மூலக்கூறு. நொதிக்கும் மின்மினி நொதிக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது, ஏடிபியும் அதற்குத் தேவையில்லை. லூசிபெரேஸ் என்ற பெயர் மட்டும் பொது. ஒளிரும் வினையை முடுக்கும் நொதி எதுவானாலும் அந்தப் பெயரை வைத்துவிடுகிறார்கள். உயிரினங்களில் ஒளி பலமுறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

சரி, மின்மினியின் நொதி எங்கிருந்து வந்தது?

கொழுப்பைக் கையாளும் நொதியிலிருந்து.

எல்லா உயிரினங்களிலும் கொழுப்பு அமிலங்களைப் பயன்படுத்துவதற்கு முன் அவற்றைத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்பவை அசைல் கோஏ சிந்தடேஸ் நொதிகள். அவை என்ன செய்கின்றன என்று பாருங்கள். முதலில் கொழுப்பு அமிலத்தைப் பிடித்து, ஏடிபியிலிருந்து ஏஎம்பியை அதன்மேல் ஏற்றுகின்றன. இரண்டாவதாக, ஏஎம்பியைக் கழற்றிவிட்டு கோஎன்சைம் ஏ என்ற துணை மூலக்கூறைப் பொருத்துகின்றன. முதல் கட்டம் அப்படியே லூசிபெரேஸின் முதல் கட்டம்தான். பிடிபடும் பொருள் வேறு, இரண்டாம் கட்டத்தில் கோஎன்சைம் ஏ-க்குப் பதில் ஆக்சிஜன். அவ்வளவே வித்தியாசம்.

இது வெறும் ஒற்றுமையா, உண்மையான வம்சாவளியா? 2003-இல் ஜப்பானின் யுய்ச்சி ஓபாவும் கூட்டாளிகளும் மின்மினி லூசிபெரேஸிடம் கொழுப்பு அமிலத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நொதி அதை எடுத்து, பழைய முறைப்படி கோஎன்சைம் ஏ-யோடு இணைத்துக் கொடுத்தது. பகலில் ஆபீஸ் வேலையும் ராத்திரியில் ஆட்டோவுமாக ஓட்டுகிற ஆளைப் போல, இரண்டு வேலையும் அதற்குத் தெரிகிறது.

இந்த நொதிக் குடும்பம் பெரியது. மரத்தின் கட்டைக்கு உறுதி தரும் லிக்னின் உருவாகும் பாதையிலும் ஒரு உறவுக்கார நொதி இருக்கிறது. உங்கள் தெருவில் நிற்கும் வேப்பமரத்துக்குள்ளும் மின்மினி நொதியின் தூரத்துச் சொந்தம் உண்டு என்று சொன்னால் மாணவர்கள் நம்புவதே இல்லை.

அப்படியானால் சாதாரண ஈயின் நொதிக்கும் ஒளிரத் தெரியுமா?

நல்ல கேள்வி, இதற்குப் பதிலும் கிடைத்துவிட்டது. வாழைப்பழத்தைச் சுற்றும் பழ ஈயில் சிஜி6178 என்ற கொழுப்பு நொதி இருக்கிறது. லூசிபெரேஸுக்கு நெருங்கிய சொந்தம். அதற்கு இயற்கை லூசிபெரினைக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. 2014-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ஆய்வகத்தில் மாற்றி அமைத்த ஒரு செயற்கை லூசிபெரினைக் கொடுத்தார்கள். ஈயின் நொதி ஒளிர்ந்தது!

என்னைக் கேட்டால், இந்தத் துறையில் வந்த மிக அழகான முடிவு இதுதான். ஒளிரும் திறமை கொழுப்பு நொதிக்குள் ஏற்கெனவே மறைந்திருந்தது, பொருத்தமான மூலக்கூறு கிடைக்காமல்தான் வெளியே தெரியவில்லை. இல்லாத ஒன்றைப் பரிணாமம் முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கவில்லை.

துபுவாவின் ‘கிளிக்’ வண்டுக்கும் மின்மினிக்கும் நொதி ஒன்றா?

லூசிபெரின் ஒன்றுதான். நொதிகளை அடுத்தடுத்து வைத்து அமினோ அமில வரிசையைப் பார்த்தால் ஏறக்குறைய பாதி ஒத்துப்போகும். அதனால் இரண்டும் ஒரே ஒளிரும் மூதாதையிடமிருந்து வந்தவை என்று பலர் நினைத்தார்கள். 2018-இல் இரண்டு மின்மினி இனங்களின் மரபணுத் தொகுதியும் ஒரு ஒளிரும் ‘கிளிக்’ வண்டின் மரபணுத் தொகுதியும் ஒன்றாக வெளியாயின. மரபணுக்கள் அமர்ந்திருக்கும் இடத்தையும் அவற்றின் அண்டை அயலையும் ஒப்பிட்டதில், இரண்டு குடும்பங்களிலும் லூசிபெரேஸ் தனித்தனியே தோன்றியதற்கே சான்று வலுவாக இருந்தது. ஒரே வகைக் கொழுப்பு நொதியிலிருந்து, இரண்டு முறை.

எப்படித் தோன்றியது? மரபணு இரட்டிப்பு வழியாக. ஒரு மரபணுவுக்குத் தவறுதலாகப் பக்கத்திலேயே ஒரு நகல் விழுகிறது. ஒன்று பழைய வேலையைத் தொடர்கிறது, மற்றது மாறினாலும் உயிருக்கு ஆபத்தில்லை. மின்மினியில் இன்றும் லூசிபெரேஸ் மரபணுவுக்கு அக்கம்பக்கத்தில் அதன் உறவுக்கார நொதிகளின் மரபணுக்கள் வரிசையாக இருக்கின்றன.

நெருங்கிய இனங்களில்கூட வெளிச்சத்தின் நிறம் மாறுகிறதே, ஏன்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் பரவலாகக் காணப்படும் மின்மினி ஃபோட்டினஸ் பைராலிஸ். அதன் ஒளி மஞ்சள் கலந்த பச்சை, உச்ச அலைநீளம் 560 நானோமீட்டர் அளவில். ஆய்வகங்களில் லூசிபெரேஸ் என்று சும்மா சொன்னால் பெரும்பாலும் இதன் நொதியைத்தான் சொல்கிறார்கள். 550 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். அதே ஃபோட்டினஸ் பேரினத்தில் ஸ்கின்டிலன்ஸ் என்று இன்னொரு இனம். அதன் ஒளி ஆரஞ்சு. லூசிபெரின் ஒன்று, ஏடிபி ஒன்று, ஆக்சிஜன் ஒன்று. அப்படியானால் வித்தியாசம் நொதியில்தான் இருக்க வேண்டும்.

அமெரிக்க வேதியியலாளர் புரூஸ் பிரான்சினியின் குழு ஸ்கின்டிலன்ஸின் மரபணுவைப் பிரித்தெடுத்து, இரண்டு நொதிகளையும் அமினோ அமிலம் அமினோ அமிலமாக ஒப்பிட்டது. பல இடங்களில் சின்னச் சின்ன மாற்றங்கள். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததில், நிற வித்தியாசம் முழுவதும் ஒரே ஒரு இடத்தில் அடங்கிவிட்டது: 255-ஆம் இடம். பைராலிஸில் அங்கே டைரோசின், ஸ்கின்டிலன்ஸில் பீனைல் அலனின். இந்த இரண்டு அமினோ அமிலங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் ஆறு கார்பன் கொண்ட வளையம். டைரோசினில் வளையத்தின் நுனியில் ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் ஒட்டிக்கொண்டிருக்கும், பீனைல் அலனினில் அந்த இடத்தில் ஹைட்ரஜன் மட்டும். ஆக, மொத்த வித்தியாசம் ஒரு ஆக்சிஜன் அணு. பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் இடையில் நிற்பது அதுதான்!

இன்னொரு உதாரணம் ஜப்பானின் கெஞ்சி மின்மினி. அதன் நொதியில் 286-ஆம் இடத்தில் இருக்கும் செரினை ஆய்வகத்தில் அஸ்பராஜினாக மாற்றினால் ஒளி சிவந்துவிடும், 605 நானோமீட்டர். காரணத்தை 2006-இல் நொதியின் படிக அமைப்பை வைத்து விளக்கினார்கள். இயற்கை நொதியில், ஒளி பிறக்கும் தருணத்தில் 288-ஆம் இடத்து ஐசோலூசின் உள்ளே நகர்ந்து, ஆக்சிலூசிபெரினை அசையவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. ஆற்றல் வீணாகாமல் பச்சை பக்கமாக ஒளி வருகிறது. செரின் மாறிய நொதியில் அந்த இறுக்கம் இல்லை. மூலக்கூறு ஆடுகிற ஆட்டத்தில் கொஞ்சம் ஆற்றல் போய்விடுகிறது, மிச்சம் ஆற்றல் குறைந்த சிவப்பு ஒளியாக வருகிறது.

நிறம் மாறினால் பூச்சிக்கு என்ன லாபம்?

நேரத்தைப் பொறுத்தது. 1980-இல் அமெரிக்க மின்மினிகளில் 55 இனங்களின் ஒளியை அளந்து வெளியிட்டார்கள். அந்தி வெளிச்சத்தில் பறக்கும் 32 இனங்களில் 23 மஞ்சளாக ஒளிர்ந்தன. நன்றாக இருட்டிய பிறகு பறக்கும் 23 இனங்களில் 21 பச்சையாக ஒளிர்ந்தன. அந்தியில் இலைகளில் பட்டுத் திரும்பும் பச்சை ஒளி இன்னும் மிச்சம் இருக்கும், அதன் நடுவே பச்சை விளக்கு எடுபடாது, மஞ்சள் எடுபடும். இருட்டிவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. கண்ணும் அதற்கு ஏற்ப மாறியிருக்கிறது.

ஜமைக்காத் தீவில் ஒரு ‘கிளிக்’ வண்டு இருக்கிறது. ஒரே இனத்துக்குள்ளேயே வயிற்று விளக்கு சிலவற்றுக்குப் பச்சை, சிலவற்றுக்கு மஞ்சள், சிலவற்றுக்கு ஆரஞ்சு. 2003-இல் அதன் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், ஆரஞ்சை நோக்கி இயற்கைத் தேர்வு நடந்ததன் தடயத்தைக் கண்டார்கள். பரிணாமம் நடந்துகொண்டிருக்கும்போதே பிடிபட்ட நொதி என்று இதைச் சொல்லலாம்.

ஒவ்வொரு இனமும் வெவ்வேறு தாளத்தில் மின்னுகிறதே, அதுவும் நொதியால்தானா?

இல்லை. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். நிறத்தைத் தீர்மானிப்பது நொதி, தாளத்தைத் தீர்மானிப்பது நரம்பு. ஒளி உறுப்பின் செல்களில் நொதி எப்போதும் தயாராகக் காத்திருக்கிறது, அதற்கு ஆக்சிஜன் எட்டும் நேரத்தைத்தான் நரம்பு கட்டுப்படுத்துகிறது. நரம்புச் செய்திக்கும் ஒளிக்கும் நடுவே நைட்ரிக் ஆக்சைடுக்குப் பங்கு உண்டு என்று 2001-இல் தெரிந்தது.

தாளம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஃபோட்டுரிஸ் பேரினத்துப் பெண் மின்மினி சாட்சி. ஃபோட்டினஸ் ஆண் மின்னியதும், ஃபோட்டினஸ் பெண் எவ்வளவு நேரம் கழித்துப் பதில் மின்னுமோ அதே இடைவெளியில் இதுவும் மின்னும். ஆண் நம்பி இறங்கி வரும். ஃபோட்டுரிஸ் பெண் அதைப் பிடித்துத் தின்றுவிடும். ஃபோட்டுரிஸின் ஒளி கொஞ்சம் கூடுதல் பச்சை, அப்படியும் ஆண் ஏமாறுகிறது.

நம் ஆனைமலை புலிகள் காப்பகத்தில் உலாந்தி வனச்சரகத்தில் 2022-இல் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னியதைப் பதிவு செய்தார்களே, அப்ஸ்காண்டிட்டா பேரினத்தைச் சேர்ந்தவை, அந்த ஒத்திசைவும் நரம்பின் வேலைதான்.

ஒரே பூச்சிக்குள் இரண்டு லூசிபெரேஸ் என்கிறார்களே?

ஆமாம். வளர்ந்த மின்மினியின் விளக்கில் வேலை செய்வது முதல் வகை. முட்டையும் கூட்டுப்புழுவும் மங்கலாக ஒளிரும், அங்கே இரண்டாம் வகை. கெஞ்சி மின்மினியில் இந்த இரண்டாம் வகை இன்னும் பச்சையாக ஒளிர்கிறது. இதுவும் மரபணு இரட்டிப்பின் விளைவே.

ஆதி மின்மினி என்ன நிறத்தில் ஒளிர்ந்தது?

பச்சை. ஊகித்து மட்டும் சொல்லவில்லை. இன்றைய இனங்களின் நொதி வரிசைகளை ஒப்பிட்டு, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மூதாதையின் நொதி எப்படி இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, அதை ஆய்வகத்தில் உருவாக்கியே பார்த்துவிட்டார்கள். 2020-இல் ஓபாவின் குழு செய்த வேலை இது. அந்த நொதி ஆழ்ந்த பச்சையில் ஒளிர்ந்தது. ஏறக்குறைய அதே காலத்து மின்மினி ஒன்று பர்மிய அம்பரில், அதாவது கல்லாகிப்போன மரப்பிசினில், உறைந்து கிடைத்திருக்கிறது.

அந்த ஒளி காதலுக்காகத் தொடங்கியிருக்காது. இன்று தெரிந்த எல்லா மின்மினிப் புழுக்களும் ஒளிர்கின்றன. பகலில் பறக்கும் சில இனங்களில் வளர்ந்த பூச்சி ஒளிராது, அதன் புழு மட்டும் ஒளிரும். புழுவுக்கு ஜோடி தேடும் வேலை இல்லை. ‘என்னைத் தின்னாதே, கசப்பேன்’ என்ற எச்சரிக்கைதான் முதல் பயன் என்பது பரவலான கருத்து, எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

சென்னை வெயிலில் இந்த நொதி தாங்குமா?

சோதனைக் குழாயில் என்றால் தாங்காது. பைராலிஸ் நொதி 37 டிகிரியிலேயே தளர்ந்துவிடும். சூடோ அமிலத்தன்மையோ கூடினால் மின்மினி நொதியின் ஒளி சிவப்புப் பக்கம் சாயும். ‘கிளிக்’ வண்டின் நொதி அமிலத்தன்மைக்கு இப்படி நிறம் மாறாது. சூடு தாங்கும் நொதி வேண்டும் என்று கெஞ்சி மின்மினி நொதியின் 217-ஆம் இடத்தை மாற்றி வெற்றி கண்டவர்கள், சோயா சாஸ் விற்கும் கிக்கோமான் கம்பெனியின் ஆய்வாளர்கள்! சமையலறை, தொழிற்சாலை மேடைகளைத் துடைத்து, அழுக்கில் இருக்கும் ஏடிபியை ஒளியாக அளக்கும் கருவிகளை அந்தக் கம்பெனி இன்றும் விற்கிறது.

சென்னையில் இதை வைத்து யாராவது ஆராய்ச்சி செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள், அதுவும் காசநோய்க்காக. சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், முன்பு காசநோய் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் இருந்தபோதே, மின்மினியின் லூசிபெரேஸ் மரபணுவைச் சுமக்கும் வைரஸ்களை உருவாக்கிச் சோதித்தது. காசநோய்க் கிருமியைத் தாக்கும் வைரஸ் இது, மனிதரை ஒன்றும் செய்யாது. வைரஸ் புகுந்ததும் கிருமி லூசிபெரேஸைத் தயாரிக்கும். லூசிபெரினைச் சேர்த்தால் ஒளிரும், ஆனால் கிருமி உயிரோடு இருந்து ஏடிபி வைத்திருந்தால்தான். மருந்து கொடுத்த பிறகும் ஒளிர்ந்தால், அந்த மருந்து அந்தக் கிருமியிடம் பலிக்கவில்லை என்று அர்த்தம். காசநோய்க் கிருமி மிக மெதுவாக வளரும், வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைக் குறைப்பதுதான் நோக்கம்.

மின்மினியைப் பிடித்து வீட்டில் சோதனை செய்யலாமா?

வேண்டாம். ஒரு பூச்சியில் கிடைக்கும் நொதி உங்களுக்கு எதற்கும் போதாது. 1980-களின் நடுவில் மரபணுவைப் பிரித்தெடுத்த பிறகு ஆய்வகங்களே பூச்சி பிடிப்பதை விட்டுவிட்டு, பாக்டீரியாவில் நொதியைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டன. தோட்டத்தில் மின்மினி தென்பட்டால் வாசல் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். நத்தையைக் கொல்லும் மருந்தையும் தூவாதீர்கள், மின்மினிப் புழுவுக்கு நத்தைதான் சாப்பாடு.

பூச்சி இல்லாமல், இரண்டு இனங்களின் நொதியை நானே ஒப்பிட்டுப் பார்க்க வழி உண்டா?

உண்டு, செல்போனிலேயே முடியும். யூனிபுராட் என்ற இலவசப் புரதத் தரவுத்தளத்துக்குப் போங்கள். பைராலிஸ் நொதியின் எண் பி08659, கெஞ்சி மின்மினி நொதியின் எண் பி13129. இரண்டையும் தேர்ந்தெடுத்து ஒப்பிடும் பொத்தானை அழுத்தினால் வரிசைகள் மேலும் கீழுமாக வரும். ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஒரு ஆங்கில எழுத்து. மூன்றில் இரண்டு பங்கு ஒத்துப்போவதைக் காண்பீர்கள்.

கெஞ்சியின் 286-ஐத் தேடிப் பாருங்கள், பைராலிஸில் அதற்கு நேராக 284 நிற்கும். இரண்டிலும் செரின்தான், எஸ் என்ற எழுத்து. அப்புறம் கடைசி மூன்று எழுத்துக்குப் போங்கள். பைராலிஸில் எஸ், கே, எல் என்று முடியும். புரதத்தை செல்லுக்குள் பெராக்சிசோம் என்ற சிறு அறைக்கு அனுப்பும் முகவரி அது. அப்படி ஒரு முகவரி இருக்கிறது என்பதையே 1980-களின் கடைசியில் சுரேஷ் சுப்பிரமணியின் கலிபோர்னிய ஆய்வகம் இந்த மின்மினி நொதியை வைத்துத்தான் கண்டுபிடித்தது. கெஞ்சியில் அந்த மூன்று எழுத்து ஏ, கே, எம்.